ஒற்றைச் சக்கரத்துக்கு இரண்டு ட்யூப்

அந்த ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுங்கள் தம்பி. சும்மா கேட்கவில்லை. நீங்கள் நாகப்பட்டினம்தானே? நீடாமங்கலம் தாண்டியதும் திருப்பித் தந்துவிடுகிறேன். அதுவரைக்கும் உங்கள் மேல் வெயில் படாது. வேண்டுமானால் என் தோளில் சாய்ந்து தூங்குங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சரி, தூக்கம் வேண்டாம், இந்த வேர்க்கடலையில் பாதி உங்களுக்கு. பார்த்தீர்களா, எழுந்துவிட்டீர்கள். கடலைக்காக எழுந்தீர்கள் என்று சொல்லமாட்டேன். என் வாய்க்காக எழுந்தீர்கள். முப்பது வருஷமாக இந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

பெயர் சந்தியாகு. திருச்சி பாலக்கரையில் பழைய இரும்புக் கடை. படித்தது ஐந்தாவது. மிச்சத்தை எல்லாம் என்னை ஏமாற்றினவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு பாடம். இப்போது என்னிடம் சொன்ன விலைக்கு யாரும் எதையும் விற்க முடியாது. டாக்டர் பத்து மாத்திரை எழுதினால் ஆறாக்கிவிட்டுத்தான் வெளியே வருவேன். சிரிக்காதீர்கள், நிஜம்.

மடியில் இருப்பதா? ஸ்பேனர். பதினைந்தாம் நம்பர். இதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இந்த பஸ்.

வெளியே பாருங்கள், காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் எங்கேயோ என் சம்சாரம் போகிறாள். நடந்து இல்லை. சைக்கிளில். ஒற்றைச் சக்கர சைக்கிளில். ஒரு சக்கரம், அதன் மேல் ஒரு சீட், அதன் மேல் நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை. ஹேண்டில்பார் கிடையாது, பிரேக் கிடையாது. திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும், கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். பாலக்கரையே சிரித்தாகிவிட்டது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சர்க்கஸ் கம்பெனி திருச்சியில் கூடாரம் போட்டு அங்கேயே நொடித்துப்போனது. கூடாரத்துக் கம்பங்களை எடைக்கு எடுக்கப் போனேன். மூன்று நாள் பேரம். மூன்று நாளும் ஒருத்தி, பார்க்க ஓர் ஆள் இல்லாத கூடாரத்துக்குள் ஒற்றைச் சக்கரத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பார்கவி. தலச்சேரிப் பக்கம். எட்டு வயதில் கம்பெனியில் விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கம்பத்துக்கு விலை முடிந்ததும் அவளிடம் போனேன்.

"எங்கூட வந்துரு. வீடு, சோறு, தாலி எல்லாம் உண்டு."

அவள் ஒன்றுதான் கேட்டாள். "சைக்கிளக் கொண்டு வரலாமா?"

"வரலாம்" என்றேன். என் ஆயுளில் ஒரே வார்த்தையில் முடிந்த பேரம் அதுதான்.

கொண்டுவந்தாள். நாலு வருஷம் கடை மூலையில் நின்றது. இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஒருநாள் லாரிக்கு லோடு கொஞ்சம் குறைந்தது, தூக்கி அதில் போட்டுவிட்டேன். சாயந்திரம் வந்து மூலையைப் பார்த்தாள்.

"எத்தன கிலோ இருந்துச்சு?"

"அஞ்சே முக்கால்."

தலையை ஆட்டினாள். உள்ளே போய் உலை வைத்தாள். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஓர் அழுகை இல்லை. அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது தம்பி. இருந்திருந்தால் சொல்லியிருப்பாள் இல்லையா?

இது சாலியமங்கலம். இன்னும் தூரம் இருக்கிறது. காலையில் தஞ்சாவூரிலிருந்து கிளம்பியிருப்பாள். அவள் கணக்கு எனக்குத் தெரியும், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் ஓட்டமாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தேன். நெஞ்சு. ஆஸ்பத்திரியில் நாலு நாள் நினைவில்லை. வெளியே பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தாளாம். எதிர்ச் சுவரில் யாரோ மாதா படம் ஒட்டி வைத்திருந்தார்களாம். 'இவரு எழுந்து நடந்தா, உன் கோயிலுக்கு ஒத்தச் சக்கரத்துலயே வர்றேன்' என்று இவள் நேர்ந்துகொண்டாள். நான் பிறந்ததிலிருந்து வேதக்காரன், எனக்கே இப்படித் தோன்றவில்லை. இவள் சர்க்கஸில் எல்லாச் சாமிக்கும் கும்பிடு போட்டுவிட்டு வளையத்துக்குள் இறங்கினவள், இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள். எனக்கு எப்படி இருக்கும்? "மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கலாம். மெழுகுவத்தி ஏத்துறேன்னு வேண்டியிருக்கலாம். நடந்து வர்றேன்னாகூடச் சரி. இதென்ன நேர்ச்சை?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதத்தான குடுக்க முடியும்?" என்றாள்.

விட்டேனா? பேசினேன். "சரி, திருச்சியிலேர்ந்து வேண்டாம். நாகப்பட்டினத்துலேர்ந்து போ. பன்னண்டு கிலோமீட்டர். மாதாவுக்கு எல்லாம் ஒண்ணுதான்." மாட்டேன் என்றாள். "சரி, திருவாரூர்." மாட்டேன். "தஞ்சாவூர். இதுக்கு மேல என்னால முடியாது." என்னமோ நான் ஓட்டப்போகிறமாதிரி! அவள் பதிலே சொல்லவில்லை. பதில் சொல்லாத ஆளிடம் எப்படிப் பேரம் பேசுவது, சொல்லுங்கள்.

எங்கிருந்தோ ஒரு பெரிய சக்கரத்து வண்டியை வரவழைத்தாள். என் இடுப்புக்கு மேல் உயரம். ஆறு மாதம் விடியற்காலையில் பொன்மலைப் பக்கத்து மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினாள். இருபத்தைந்து வருஷம் விட்டுப்போனது நாலே நாளில் திரும்பிவிட்டது. மிச்ச ஐந்தரை மாதமும் தூரத்துக்கு.

அப்புறம் சாமான் பட்டியல். அதில்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை. ஒரு தாளில் பதினாலு பொருள் எழுதிக் கொண்டுவந்தாள். தலைக்கவசம். உள்ளங்கையில் பட்டை வைத்த மணிக்கட்டுக் காப்பு, இரண்டு கைக்கும். முழங்கால் காப்பு. உள்ளே மெத்தை தைத்த கால்சட்டை, அதைச் சுடிதாருக்குள் போட்டுக்கொள்ள வேண்டுமாம். குழாய் வைத்த தண்ணீர்ப் பை. காற்றடிக்கும் பம்ப். பஞ்சர் ஒட்டும் பொருட்கள். ஸ்பேனர். முதுகில் மாட்டச் சிவப்பு விளக்கு, மின்னுகிற சட்டை. உப்புச் சர்க்கரைப் பொடி. பெயரும் ரத்தப் பிரிவும் எழுதின அட்டை. விசில். இரண்டு ட்யூப்.

"ஒரு சக்கரத்துக்கு எதுக்குடி ரெண்டு ட்யூப்?"

"ஒரு சக்கரந்தான இருக்கு, அதனாலதான் ரெண்டு."

"விசில் எதுக்கு? நீ என்ன கண்டக்டரா?"

"மணி மாட்ட இடம் எங்க இருக்கு, காட்டுங்க."

"சரி, மெத்தைக் கால்சட்ட எதுக்கு?"

"நீங்க ஒருநாள் முழுக்க அந்த சீட்டுல உக்காந்துட்டுச் சொல்லுங்க."

ஒவ்வொன்றாக அடித்தேன். பதினாலை ஏழாக்கினேன். அதுவும் எப்படி? "நாந்தான் மொபெட்ல பின்னாடியே வரப்போறேனே. நீ எதுக்கு முதுகுல சுமக்கணும்? எல்லாத்தையும் எங்கிட்டக் குடு. நீ பூப்போலப் போ." நியாயம்தானே? அவள் பாஷையில் சொன்னால், முதுகில் நாலு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது, கனமானது எல்லாம் பையின் அடியில் இருக்க வேண்டும், ஒன்றும் தொங்கக் கூடாது, ஆடக் கூடாது. நான் அந்த நாலு கிலோவையே இல்லாமல் செய்கிறேன் என்கிறேன். "என் சாமான் எங்கிட்ட இருக்கணுங்க" என்றாள். நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் கத்தினேன், பொய் சொல்லவில்லை, கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். கடைசியில் பையைக் கொடுத்தாள்.

கண்டக்டர், மெதுவாகப் போகச் சொல்லுங்கய்யா, சனம் நடக்குது! பாருங்கள் தம்பி, காது கேட்காதமாதிரி நிற்கிறான்.

போன வருஷம், இதே ஆவணி. முதல் நாள் திருச்சியிலிருந்து தஞ்சாவூர். துவாக்குடியில் ஒரு லாரி பக்கத்தில் உரசுகிறமாதிரி வந்தது. நான் பின்னாலிருந்து "பார்கவி!" என்று ஒரு சத்தம் போட்டேன். அவள் திரும்பினாள், சக்கரமும் திரும்பியது, சாலைக்கு நடுவில் போய்க் குதித்து நின்றாள். லாரிக்காரன் அடித்த பிரேக்கில் ரோடே தேய்ந்தது. என்னிடம் வந்தாள். கத்தவில்லை. அவள் கத்தமாட்டாள்.

"பின்னாலேர்ந்து கூப்பிடாதீங்க. தல திரும்பினா தோள் திரும்பும், தோள் திரும்பினா சக்கரம் திரும்பும். ஏதாச்சும் சொல்லணும்னா விசில் ஊதுங்க. நான் எறங்கிட்டுப் பாக்குறேன்."

விசிலைத்தான் நான் பட்டியலில் அடித்துவிட்டேனே.

அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்தடி முன்னால் இருக்க வேண்டும். பாலத்து இணைப்பு வந்தால் இறங்கி நடக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கி காலை உதற வேண்டும். பெரிய வண்டி வந்தால் வீம்பு கூடாது, மண்ணில் இறங்கிவிட வேண்டும். விழுந்தால் கையை ஊன்றப் பார்க்கக் கூடாது, காலால் இறங்கப் பார்க்க வேண்டும். இருட்டுகிறது என்றால் எந்த ஊரானாலும் நிறுத்திவிட வேண்டும். வல்லம் தாண்டி இன்னும் வெளிச்சம் இருந்தபோதே, இன்றைக்கு இவ்வளவுதான் என்று தஞ்சாவூர் எல்லையில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்துவிட்டாள். எனக்கு எரிச்சல். இன்னும் எட்டு கிலோமீட்டர் போயிருக்கலாம்.

மறுநாள் காலையில் சக்கரத்தில் காற்று இல்லை. முள். அவள் முகம் கழுவப் போயிருந்தாள். இரும்பு என் தொழில் தம்பி, நான் என்ன கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை மாற்றி, காற்றடித்து மாட்டி வைத்தேன். பத்தே நிமிஷம். வந்து பார்த்தாள்.

"எல், ஆர் பாத்து மாட்டுனீங்களா?"

"எனக்கே இரும்பு சொல்லிக் குடுக்கிறியா?" என்றேன். வேறு என்ன சொல்வது? நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

அது என்னவென்றால், இடது பெடலின் மரை திருப்பி வெட்டியிருக்கும். இடது இடதிலும் வலது வலதிலும் இருந்தால், மிதிக்க மிதிக்க இறுகும். மாறிவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழலும். சாதாரண சைக்கிளில் சங்கிலி ஒரு பக்கம் இருக்கிறது, மாற்றி மாட்டவே முடியாது. இந்தச் சனியனில் சக்கரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி! முன்பக்கம் எது என்று சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்தவன் மேல்தானே தப்பு? சின்னதாக ஓர் எழுத்து வெட்டியிருக்கிறான், எல் என்றும் ஆர் என்றும், எறும்பு அளவுக்கு. எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. கண்ணாடி பையில் இருந்தது. எல்லாமே பையில்தான் இருந்தது.

கிளம்பும்போது மணிக்கட்டுக் காப்பைக் கேட்டாள். "அதப் போட்டுக்கிட்டுப் போனா கை ஒடஞ்சவ போறான்னு நெனைப்பாங்க. இன்னிக்கு ரோடு நல்லாருக்கு, வேணுங்கிறப்பக் குடுக்கிறேன்" என்றேன்.

இதோ, அம்மாபேட்டை வந்துவிட்டது. அந்தப் பக்கம் பாருங்கள், வேலி போட்ட காலி இடம். அங்கே போன வருஷம் ஒரு பழைய ரைஸ்மில் இருந்தது. இவள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள், நான் பின்னால். மில்லின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உருளைகள், ஷாஃப்ட், அந்தக் காலத்து வார்ப்பிரும்பு. இப்போது யாரும் அப்படி வார்ப்பதில்லை. யாருக்கும் தெரியாமல் ரோட்டோரத்தில் கிடக்கிறது! ஓர் ஐந்து நிமிஷம் இறங்கினேன். ஐந்தே நிமிஷம். அந்த ஆள் முதலில் விலையே சொல்லமாட்டேன் என்றான். வாயைத் திறக்க வைக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு அவன் மாமனார் வந்தார், அவரை வேறு புதிதாகச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. டீ வந்தது. கிடைத்தது தம்பி! அந்த உருளை மாதிரி சரக்கு அதற்குப் பிறகு இதுவரைக்கும் என் கைக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சரி, ஒன்றரை.

பை என் மொபெட்டில். தண்ணீர் பையில். ஸ்பேனர் பையில். அவள் போனும் பையில்தான், நான்தான் வாங்கி வைத்தேன், கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் ஆபத்து என்று.

கோவில்வெண்ணி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்க்கால் பாலம். வரும்போது காட்டுகிறேன். பாலத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள், சின்னதாக ஒரு தள்ளுதேரில் மாதா. தேர் நிழலில் இவள். இடது கையைக் காவித் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. பெடல் தனியாகப் பக்கத்தில் கிடந்தது. சுழன்று சுழன்று கழன்று, ஒரு மிதியில் காலோடு வந்துவிட்டதாம். காலுக்கு அடியில் ஒன்றுமில்லை என்றால் காலால் எப்படி இறங்குவது? கையை ஊன்றியிருக்கிறாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பொம்பளை, அருளாயி என்று பெயர், அவள்தான் தலைவி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீங்கதான் பின்னாடியே வர்ற புருஷனா?"

"ஆமா."

"எந்தப் பின்னாடி அண்ணே? ரெண்டு மணி நேரமாச்சே. தவிச்ச வாய்க்குத் தண்ணி நாங்க குடுத்தோம்."

இரண்டு மணி நேரமெல்லாம் இல்லை. ஒன்றே முக்கால் இருக்கும். அவளிடம் கடிகாரமே இல்லை.

தேர் தள்ளுகிற ஆள் ஒருவர், ஏதோ கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சக்கரத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடது வலது மாத்தி மாட்டியிருக்கு. யாரு மாட்டுனது? சைக்கிளே தெரியாத ஆளா இருக்கும்" என்றார். நான் பார்கவியைப் பார்த்தேன். அவள் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் அங்கேயே என் மானம் போயிருக்கும். சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

"சரி, கெளம்பு. நீடாமங்கலம் வரைக்கும் ஆட்டோ, கட்டுப் போட்டுட்டு திருச்சிக்கு பஸ். பாதி தூரத்துக்கு மேல வந்தாச்சு. மாதா ஒத்துக்குவா" என்றேன்.

"இல்லீங்க" என்றாள்.

"ஏண்டி, அவளே சொல்றாளா முழுசா வரணும்னு? நான் பேசிக்கிறேன் மாதாகிட்ட. ஒரு கிலோ மெழுகுவத்தி கூடப் போட்டுக் குடுத்துருவோம்."

அருளாயி குறுக்கே வந்தாள். "அண்ணே, எதுக்கு நேர்ந்துகிட்டதுன்னு சொல்லிச்சு உங்க சம்சாரம். உங்க உசுருக்காமே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அதுக்கா இப்பிடி வெலையக் கொறைக்கிறீங்க?"

கூட்டமே சிரித்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தேரை வாய்க்காலில் தள்ளியிருப்பேன். என் உயிர், நான் பேசுகிறேன், அந்த அருளாயிக்கு என்ன? வாங்குகிற பொருளுக்கு விலை பேசாதவன் மனுஷனா? ஒரு வருஷம் ஆகிவிட்டது தம்பி, இன்னும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது. கடையில் ஒருத்தனிடம் விலை பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும். அப்படியே நின்றுபோவேன். போன மாதம் ஒரு நல்ல லேத் மெஷின் அப்படித்தான் கைவிட்டுப் போனது.

பிறகு என்ன? நீடாமங்கலத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். ஓட்டவில்லை. நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு நடந்தாள். மூன்று நாள். நான் மொபெட்டை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். தண்ணீர் வேண்டுமா என்றால் அருளாயியிடம் வாங்கிக் குடித்தாள். என் பையில் அத்தனையும் இருக்கிறது, ஒன்றுகூடக் கேட்கவில்லை. வேளாங்கண்ணி நுழைவு வளைவுக்கு முன்னால் நின்றாள். அந்த ஃபிட்டர் சரியாக மாட்டிக்கொடுத்த பெடலைக் குனிந்து பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மாவுக்கட்டுக் கையை மார்போடு வைத்துக்கொண்டு ஒரே எம்பில் ஏறி உட்கார்ந்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. கோயில் வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். அழுதார்கள் தம்பி, யார் யாரோ அழுதார்கள். எனக்கு மொபெட்டை நிறுத்த இடம் கிடைக்கவில்லை, நான் போய்ச் சேரும்போது இறங்கிவிட்டிருந்தாள்.

"சரி, முடிஞ்சுது. இனிமே இது எதுக்கு? எடைக்குப் போட்டா..." என்று ஆரம்பித்தேன். விளையாட்டுக்குத்தான்.

"என் பையக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். வண்டி இரண்டையும் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம், திருச்சி வரைக்கும் பையை மடியை விட்டு இறக்கவில்லை. வீட்டில் வந்து எங்கே வைத்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இதுதான் அந்தப் பாலம். பார்த்துக்கொள்ளுங்கள், ரோடு எவ்வளவு நன்றாக இருக்கிறது! இதில் யாராவது விழுவார்களா?

இந்த வருஷம் மறுபடியும் கிளம்பினாள். அதுதான் எனக்குப் புரியவில்லை. முந்தாநாள் சாப்பிடும்போது சொன்னாள், "நாளைக்குப் போறேன். தனியாத்தான்."

"இந்த வருஷம் யாருக்கு நேர்ந்த? நான் நல்லாத்தான இருக்கேன்?"

"யாருக்கும் இல்லீங்க. ஆசையா இருக்கு."

ஆசை! நூற்றைம்பது கிலோமீட்டருக்கு யாராவது ஆசைப்படுவார்களா? நேர்ச்சை என்றால் கேட்கலாம், குறைக்கலாம், தள்ளிப் போடலாம். ஆசை என்கிறவளிடம் எங்கே ஆரம்பிப்பது? "போ" என்றேன். நேற்று நான் எழுந்திருப்பதற்குள் போய்விட்டாள். சோறு, குழம்பு எல்லாம் செய்து மூடி வைத்திருந்தாள். மாத்திரைகள் கிண்ணத்தில். பத்தும்.

நேற்று முழுக்கக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குக் காலையில் பார்க்கிறேன், எடைத்தட்டுக்குப் பக்கத்தில் இந்த ஸ்பேனர் கிடக்கிறது. பட்டியல் போட்டு எடுத்துப் போகிறவள், முக்கியமானதை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்! இது இல்லாமல் பெடல் கழன்றால் என்ன செய்வாள்? நான் இல்லையென்றால் இவளால் ஒன்றும் ஆகாது தம்பி. அதுதான் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கூடப் போகிறேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அவள் சொன்னால் போவேன். சொன்னால்.

கொஞ்சம் நகருங்கள். அந்தத் தேர்... அதே தேர்தான். அருளாயி! அதோ அவளுக்கு முன்னால், மின்னுகிற சட்டை. பார்த்தீர்களா, மஞ்சளாக? கூட்டத்துக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் தலை போகிறது பாருங்கள், கவசம் போட்டுக்கொண்டு? அவள்தான். பார்கவி. அடடா, எவ்வளவு நேராக உட்கார்ந்திருக்கிறாள்!

கண்டக்டர், நிறுத்துய்யா! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம். ஸ்டாப் இல்லையா? இந்தா, திருவாரூர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், இங்கயே எறங்கிக்கிறேன், உனக்கு லாபந்தானே! யோவ்...

விடுங்கள். பாருங்கள், பக்கத்தில் வருகிறது. முதுகில் பை. அப்பா, இழுத்துக் கட்டியிருக்கிறாள், துளி ஆடவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, இந்த வெயிலிலும். இரண்டு கையிலும் காப்பு. கழுத்தில் விசில். பையின் ஓரத்தில் வார் போட்டு... அது என்ன, பளபளவென்று?

ஸ்பேனர்.

புதுசு.

"பார்கவி! எல் ஆர் பாத்தியாடி? ஏய், பார்கவி!"

...

போய்விட்டது. பின்னால் போய்விட்டாள்.

பஸ் ஹாரன் அடித்ததும் மண்ணோரம் ஒதுங்கினாள், கவனித்தீர்களா? வீம்பே கிடையாது. பார்வை பத்தடி முன்னால். அவள் காதில் விழுந்திருக்கும். நிச்சயம் விழுந்திருக்கும், என் தொண்டை அப்படி. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பக் கூடாது தம்பி. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் சக்கரம் திரும்பும். முன்னமே சொன்னேன் இல்லையா? நான்தான் கூப்பிட்டிருக்கக் கூடாது.

வாருங்கள், உங்கள் இடத்தில் உட்காருங்கள். நீடாமங்கலம் இன்னும் வரவில்லைதான், பரவாயில்லை. கடலையும் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் அது. அதனால்தான் திரும்பவில்லை. வேறொன்றும் இல்லை.